போன பொறப்புப் பாவமா, 1948 சட்டமா?

"எல்லாம் போன பொறப்புல செஞ்ச பாவம்." லயத்துல வளர்ந்த நாங்க இதைக் கேட்காத நாளில்லை. கோயிலுக்குப் போற அம்மாயியும் சொல்லும், சேர்ச்சுக்குப் போற பக்கத்துக் காம்பரா மாமியும் சொல்லும். ஆனா கிறிஸ்தவத்தில் போன பிறப்பே கிடையாதே? பௌத்தம் சொல்லும் கர்மாவும் இதுதானா?

இந்தக் கேள்வி இலங்கையில் ஒருமுறை மேடையே ஏறியிருக்கிறது. 1873 ஆகஸ்ட் 26, 28 ஆகிய இரண்டு நாட்கள் பாணந்துறையில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் சிங்களத்தில் விவாதம் நடந்தது. ஒரு பக்கம் வெஸ்லியன் சபைப் போதகர் டேவிட் டி சில்வா, மறுபக்கம் மிகெட்டுவத்தே குணானந்த தேரர்.

டி சில்வா கேட்டது நியாயமான கேள்வி. ஆன்மாவே இல்லை என்றால், செய்தவன் ஒருத்தன், அடுத்த பிறப்பில் அனுபவிக்கிறவன் வேறொருத்தனா? அவனேயும் இல்லை, வேறொருவனும் இல்லை என்பது பௌத்தத்தின் பதில். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுற மாதிரி. குணானந்தர் திருப்பிக் கேட்டார்: மனிதனைப் படைத்ததற்காகக் கடவுள் வருந்தினார் என்று ஆதியாகமத்தில் இருக்கிறதே, எல்லாம் அறிந்தவர் எப்படி வருந்துவார்? விவாதத்தின் ஆங்கில அறிக்கை அமெரிக்கா வரை போனது. 1880இல் ஒல்கொட் இலங்கைக்கு வந்தார்.

வித்தியாசம் பெரிதுதான். பௌத்தத்தில் கர்மா என்பது மனம் வைத்துச் செய்யும் செயல். அதன் பலனைத் தர நீதிபதி யாரும் தேவையில்லை. கிறிஸ்தவத்தில் பாவம் கடவுளுக்கு எதிரான குற்றம், அதனால் அவர் மன்னிக்கலாம். வாழ்க்கை ஒன்றுதான், பிறகு உயிர்த்தெழுதலும் தீர்ப்பும்.

ஆனா ஒரு இடத்தில் இரண்டும் பக்கத்தில் வருகின்றன. வலி எல்லாம் பழைய வினையாலா என்று சீவகர் கேட்டபோது புத்தர் இல்லை என்றார். பித்தம், பருவநிலை, அடிபடுதல் என்று வேறு காரணங்களையும் அடுக்கினார். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது இயேசுவும் இரண்டையும் மறுத்தார்.

பாணந்துறையில் விவாதம் நடந்த காலத்தில் இந்த மலையில் எங்க முன்னோர் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்தார்கள். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் அவர்களிடம் பாவமன்னிப்பைப் பிரசங்கித்துக்கொண்டிருந்தது. பிறகு கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது.

இதுக்கெல்லாம் திகதி இருக்கு, கையெழுத்தும் இருக்கு. நாடற்றவர்களாய் மிஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்ததும் இன்னொரு சட்டம்தான், 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம். அடுத்த தடவை அம்மாயி போன பொறப்பைப் பற்றிச் சொன்னா, பக்கத்துல உட்கார்ந்து 1948இன் கதையைச் சொல்லணும்னு நினைக்கிறோம்.