துப்பாக்கித் தொலைநோக்கித் தாங்கி

துப்பாக்கித் தொலைநோக்கித் தாங்கி என்பது ரைபிள் வகை வேட்டைத் துப்பாக்கியின் மேல் குறிபார்க்கும் தொலைநோக்கியை (ஸ்கோப்) அசையாமல் பிணைத்து வைக்கும் உலோக அமைப்பு ஆகும். துப்பாக்கியின் உடற்பகுதியில் (ரிசீவர்) திருகாணிகளால் பொருத்தப்படும் அடிக்கட்டை, அதன் மேல் அமர்ந்து தொலைநோக்கியின் குழாயைக் கவ்வும் இரு வளையங்கள் ஆகியவை இதன் பகுதிகள். சிலவகைத் துப்பாக்கிகளில் அடிக்கட்டை உடற்பகுதியோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டோ கடையப்பட்டோ இருக்கும். தொலைநோக்கியை விட விலை குறைந்த பொருள் என்பதால் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் குறி தவறும்போது முதலில் ஐயுற வேண்டியது இதனைத்தான்.

உறுதியின் தேவை

.30-06 ஸ்பிரிங்பீல்டு தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 11.7 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. உந்த அழிவின்மை விதிப்படி, வெடிமருந்து வளிமங்களின் உந்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், 3.6 கிலோகிராம் எடையுள்ள துப்பாக்கி நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தில் பின்னுதைக்கும். இவ்வேகத்தை அது 2 மில்லிநொடிகளில் அடைவதாகக் கொண்டால் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 200 மடங்கு ஆகிறது. 450 கிராம் எடையுள்ள தொலைநோக்கியைத் தன்னுடன் இழுத்துச் செல்லத் தாங்கி 900 நியூட்டன் விசையைத் தர வேண்டும். ஒவ்வொரு வெடியின்போதும் ஏறத்தாழ 90 கிலோகிராம் எடை தொங்குவதற்கு இது சமம்.

தாங்கி சற்றே நகர்ந்தாலும் விளைவு பெரிது. வளையங்களுக்கு இடையே 100 மி.மீ. தொலைவு இருக்க, ஒரு வளையம் மட்டும் 0.1 மி.மீ. (ஒரு தலைமுடியின் தடிமன் அளவு) விலகினால், பார்வைக்கோடு ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்கிறது. 100 மீட்டரில் இது 10 செ.மீ. பிழை, 200 மீட்டரில் 20 செ.மீ. அமெரிக்காவில் பெருமளவில் வேட்டையாடப்படும் வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ 20 செ.மீ. விட்டமே உடையது. அதன் நடுவைக் குறிபார்த்தாலும் 200 மீட்டரில் குண்டு வயிற்றிலோ காலிலோ படக்கூடும். உடனே இறக்காத விலங்கு காயத்துடன் காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் துன்புறும்.

வகைகள்

அமெரிக்கரான வில்லியம் வீவர் 1930இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரால் அழைக்கப்படும் வீவர் அடிக்கட்டை மிகப் பரவலானது. இதன் குறுக்குக் காடிகள் 4.57 மி.மீ. அகலமானவை, காடிகளுக்கு இடைப்பட்ட தொலைவு சீராக இருக்க வேண்டியதில்லை. 1995இல் அமெரிக்கப் படைத்துறை வகுத்த பிக்கட்டின்னி தண்டவாளத்தில் காடியின் அகலம் 5.23 மி.மீ., காடிகளின் இடைவெளி 10.01 மி.மீ. எனத் திட்டமாக வரையறுக்கப்பட்டது. எனவே வீவர் வளையங்கள் பெரும்பாலும் பிக்கட்டின்னியில் அமரும்; பிக்கட்டின்னி வளையங்கள் வீவரில் அமர்வதில்லை. செருமனி, ஆசுதிரியா நாடுகளில் கொக்கிகளால் மாட்டிக் கழற்றும் சூல் வகைத் தாங்கி நெடுங்காலமாக வழக்கில் உள்ளது.

வளையத்தின் விட்டமும் தொலைநோக்கிக் குழாயின் விட்டமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். 25.4 மி.மீ. (1 அங்குலம்), 30 மி.மீ. ஆகியவை பொது அளவுகள்.

பொருத்தும் முறை

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, தாழை (போல்ட்) வெளியே எடுத்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். திருகாணித் துளைகளில் எஞ்சியுள்ள எண்ணெயைக் கரைப்பான் கொண்டு துடைக்க வேண்டும். அடிக்கட்டையின் ஒரு முனையை மட்டும் இறுக்கிப் பார்த்தால் மறுமுனை மேலெழும்புகிறதா என்பது தெரியும். எழும்பினால் பரப்புகள் பொருந்தவில்லை. அந்நிலையில் இரு முனைகளையும் வலிந்து இறுக்கினால் அடிக்கட்டை வளைந்து, வளையங்கள் ஒரே நேர்க்கோட்டில் இராமல் குழாயை நெரிக்கும்.

திருகாணிகளின் நீளத்தில் கவனம் தேவை. 1962இல் வெளிவந்த ரெமிங்டன் 700 துப்பாக்கியில் முன்முனைத் துளைக்கு நீளமான திருகாணியைப் போட்டால், அது உள்ளே உள்ள குழலை முட்டி நின்றுவிடக்கூடும். திருப்புளிக்கு இறுக்கம் தெரியும், அடிக்கட்டையோ இறுகியிராது. இப்பிழை வெளியே தெரியாதது என்பதாலேயே தொல்லை மிக்கது.

துப்பாக்கி பின்னோக்கிப் பாயும்போது தொலைநோக்கி நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயலும். ஆகவே வளையங்களைக் காடியின் முன்சுவரோடு ஒட்டும்வரை முன்னே தள்ளிய பின் இறுக்குதல் நன்று. அவ்வாறு செய்யாவிடில் முதல் சில வெடிகளே அவற்றை முன்னே தள்ளிவிடும். அதற்குள் செய்த குறித்திருத்தம் வீணாகும்.

தொலைநோக்கியின் பின்முனை கண்ணிலிருந்து 8 முதல் 10 செ.மீ. வரை தள்ளி இருக்க வேண்டும். மிக நெருங்கினால் பின்னுதைப்பில் புருவம் கிழியும். குறுக்கிழை செங்குத்தாக நிற்பதைத் தூக்குநூலைக் கொண்டு சரிபார்க்கலாம்.

முறுக்கும் அளவு

வளையத் திருகாணிகளுக்குப் பல உற்பத்தியாளர்கள் 15 முதல் 18 அங்குல-பவுண்டு (1.7 முதல் 2.0 நியூட்டன் மீட்டர்) அளவைப் பரிந்துரைக்கின்றனர். இது சிறிய அளவே. கைப்பலத்தால் எளிதில் மீறிவிடலாம். 3.5 மி.மீ. விட்டமுள்ள திருகாணியை உலர்ந்த நிலையில் 1.8 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் அது ஏறத்தாழ 2,500 நியூட்டன் விசையுடன் கவ்வும். மரையில் எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து, அதே முறுக்கு மிகக் கூடுதலான இழுவிசையை உண்டாக்கும். தொலைநோக்கிக் குழாய் மெல்லிய அலுமினியக் கலவையால் ஆனது. மிகையாக நெரித்தால் பள்ளம் விழும், உள்ளே நகரும் வில்லைத் தொகுதியும் சிக்கிக்கொள்ளும். திருகாணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, வளையத்தின் இருபுற இடைவெளியும் சமமாக இருக்கச் செய்வர்.

அடிக்கட்டைத் திருகாணிகளுக்கு நீல நிற மரைப்பசை ஒரு துளி போதும். சிவப்பு நிறப் பசை ஏறத்தாழ 250 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால்தான் இளகும் என்பதால் துப்பாக்கிக்கு ஏற்றதன்று.

சரிபார்த்தல்

முதலில் 25 மீட்டரிலும் பின்னர் 100 மீட்டரிலும் சுட்டுக் குறியைத் திருத்துவர். இறுக்கிய திருகாணியின் தலையிலிருந்து வளையத்தின் மீது ஒரு மெல்லிய வண்ணக் கோடு இட்டுவைத்தால், திருகாணி தளர்ந்ததும் கோடு முறிந்து காட்டிவிடும்.

சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கிகளில் நிலைமை வேறு. உந்துதண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னுதைக்கும். உந்துதண்டு முட்டி நிற்கும்போது முன்னே இழுபடும். இவ்விருதிசை அதிர்ச்சியில் தாங்கி பின்னோக்கியும் வழுக்கக்கூடும் என்பதால், அதனைத் தடுக்கும் ஆணியுடன் கூடிய தாங்கிகள் இவற்றிற்கெனச் செய்யப்படுகின்றன.