ஓடைக்கு வெயில் பட்ட கதை



சுங்கை என்றால் ஆறு. பூலோ என்றால் மூங்கில். மூங்கில் ஆறு என்ற அழகான பெயரைச் சுமந்திருக்கும் அந்த ஊருக்குக் கிழக்கே குன்றுகள். மேற்கே போனால் தாழ்ந்த சதுப்பு, அதற்கப்பால் கடல். சிலாங்கூரில் பல இடங்களில் நிலம் இப்படித்தான் அமைந்திருக்கிறது. நம் பாட்டன் பாட்டிமார் காடழித்துக் கித்தா மரம் நட வந்தபோது, குன்று ஒரு விதமாகவும் சதுப்பு வேறு விதமாகவும் அவர்களைக் காய்ச்சலில் வாட்டின. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

உயிரியல் நூல்கள் உயிர் உலகத்தைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டும். ஒரு கொசு என்பது தனியுயிர். ஓர் ஓடையில் பிறந்து வளரும் ஒரே இனக் கொசுக்கள் எல்லாம் சேர்ந்தால் இனக்கூட்டம். கொசு, அதன் புழுவைத் தின்னும் மீன், கரையில் நிற்கும் மரம், பக்கத்து லயத்தில் உறங்கும் மனிதர் ஆகிய எல்லாம் சேர்ந்தது உயிர்ச்சமுதாயம். இதனோடு தண்ணீரையும் மண்ணையும் வெயிலையும் சேர்த்துப் பார்த்தால் சூழல் மண்டலம். உலகம் முழுவதையும் சேர்த்தால் உயிர்க்கோளம். கேட்பதற்குப் பள்ளிக்கூடப் பாடம் போலத்தான் இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் இந்தப் படிகளில் ஒன்றை மறந்தாலும் லயத்தில் ஒப்பாரி கேட்டது.

1897ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்தார். அதற்கு முன்னெல்லாம் மண்ணிலிருந்து எழும் கெட்ட காற்றே குளிர்காய்ச்சலுக்குக் காரணம் என்று படித்தவர்களும் நம்பினார்கள். நான்கே ஆண்டுகளில், 1901இல், மால்கம் வாட்சன் என்பவர் கிள்ளானில் அரசாங்க டாக்டராகப் பொறுப்பேற்றார். இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் அழைக்கும் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஊரிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் தலைவிரித்தாடியது. சதுப்பில் வடிகால் வெட்டி, புதர்க்காட்டை அழிக்கச் செய்தார் வாட்சன். காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. அங்கே நோயைப் பரப்பிய கொசுவின் பெயர் அனோபிலஸ் அம்புரோசஸ். காட்டு நிழலில் தேங்கிய தண்ணீரில் முட்டையிடுவது அதன் வழக்கம். நிழலும் தேக்கமும் போனதும் அதன் பெருக்கமும் போயிற்று.

இந்த வெற்றியைப் பார்த்தால், காட்டை அழி, தண்ணீரை ஓட விடு, அவ்வளவுதான் என்று யாருக்கும் தோன்றும். ரப்பர் விலை ஏறிய காலத்தில் குன்றுகளுக்கிடையே தோட்டங்கள் திறக்கப்பட்டன. பள்ளத்தாக்குக் காட்டை வெட்டினார்கள், ஓடையைத் திறந்தார்கள். காய்ச்சல் குறையவில்லை, கூடியது! அங்கே இருந்தது வேறோர் இனம்: அனோபிலஸ் மாக்குலேட்டஸ். வெயில் படும் தெளிந்த ஊற்று நீரும் மெல்ல ஓடும் ஓடையுமே அதற்கு ஏற்ற இடங்கள். காடு மூடியிருந்தவரை அந்த ஓடையில் அது பெருகவில்லை. வெயிலை உள்ளே விட்டது நம்மவர்கள் கையிலிருந்த கோடரி; விடச் சொன்னது தோட்டத்து நிர்வாகம். சதுப்பில் உயிர் காத்த அதே வேலை, குன்றில் உயிர் குடித்தது.

ஆகவே கொசு என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்தக் கொசு, எந்த நீர், எந்த நிழல் என்று கேட்டாக வேண்டும். வாட்சன் குன்றுத் தோட்டங்களில் சுட்ட மண் குழாய்களைப் பூமிக்கடியில் பதித்து, ஊற்று நீர் வெயிலைக் காணாமலே வடிந்து போகச் செய்தார். இது செலவு பிடிக்கும் வேலை. அதனால் பல இடங்களில் எண்ணெய் தெளிக்கும் முறை வந்தது. கொசுப் புழு நீரின் மேற்பரப்பில் படுத்துத்தான் மூச்சு விடும். எண்ணெய்ப் படலம் அந்த மூச்சை அடைத்துவிடும். முதுகில் டின்னைச் சுமந்து வாரந்தோறும் ஓடை ஓடையாக எண்ணெய் அடித்தவர்களை முதியவர்கள் சிலர் இன்னும் நினைவு வைத்திருக்கக்கூடும். அவர்களுக்குச் சிலை ஒன்றும் இல்லை.

கொயினா மாத்திரையும் கொடுத்தார்கள். அது காய்ச்சல் கண்ட ஆளுக்கு மருந்து, ஓடைக்கு மருந்தல்ல. ஆளைத் தேற்றி, அதே ஓடைக்கரை லயத்துக்கே திருப்பி அனுப்பினால் அவன் மறுபடியும் படுக்கையில் விழுவான்.

1925இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தன் சோதனைத் தோட்டத்தைச் சுங்கை பூலோவில் வைத்திருந்தது. அந்த நிலத்தின் பெரும்பகுதியில் இப்போது குவாசா டாமன்சாரா நகரம் எழுந்து வருகிறது. கித்தா மரங்கள் போய்விட்டன. மலேரியா முழுதாகப் போய்விடவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் தோன்றவில்லை. ஆனால் குரங்குகளிடம் உள்ள நோலெசி என்னும் கிருமி, காட்டுக் கொசுவின் வழியாக மனிதரைத் தொற்றுகிறது. சரவாக்கின் காப்பிட் பகுதியில் பலருக்கு இது இருந்தது 2004இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் இக்கிருமி மலேரியே என்ற பழைய கிருமியைப் போலவே தெரியும். அதனால் நெடுங்காலம் ஆள்மாறாட்டம் நடந்திருந்தது. குரங்கு, கொசு, காட்டோரத்தில் வேலை செய்யும் மனிதர் என்று மூவரும் ஒரே உயிர்ச்சமுதாயத்தில் இருப்பதால், மனிதருக்கு மட்டும் மருந்து கொடுத்து இதை ஒழிக்க முடியவில்லை. இது நோலெசிதானா என்று மரபணுச் சோதனையால் உறுதிப்படுத்தும் ஆய்வகங்களில் ஒன்று, நேயர்களே, சுங்கை பூலோவில்தான் இருக்கிறது.