தக்குவாபாவில் ஓர் அடைக்கலக் குளம்

கோயில் எடுத்தலையும் குளம் தொடுதலையும் நம் முன்னோர் இணையான அறங்களாகப் போற்றினர். திருக்குடமுழுக்கு நிகழும் இந்நன்னாளில், கடல் கடந்த நாடொன்றில் தமிழர் தொட்ட குளத்தை நினைவுகூர்தல் பொருத்தமாகும்.

தாய்லாந்தின் மேற்குக் கரையில், புக்கெட் தீவுக்கு வடக்கே, தக்குவாபா என்னும் சிற்றூர் உள்ளது. ஆரவாரமற்ற ஊர் அது. வெள்ளீயத் தொழில் செழித்த நாளில் சீன வணிகர் கட்டிய கடைவீடுகள், வளைவுத் தாழ்வாரங்களோடு பழைய வீதியில் இன்றும் நிற்கின்றன. தென்மேற்கே சென்றால் சவுக்கு மரங்கள் நிழல் செய்யும் பாங்சாக் கடற்கரை. ஆற்றின் முகத்துவாரத்தில் கோக்கோகாவ் தீவு. கூட்டத்தை வெறுத்து அமைதியை நாடுவோர்க்கு ஏற்ற இடங்கள் இவை.

ஆயினும் இவ்வமைதி பிற்காலத்தது. அத்தீவிலுள்ள துங்துக் என்னுமிடத்தில் சீனப் பீங்கான் ஓடுகளும், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும், மணிகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பல நாட்டு மரக்கலங்கள் வந்தடைந்த துறை அது.

ஆற்றின் வழியே உள்நாடு சென்றால் பிரநாராய் மலையைக் காணலாம். நாராயணன் பெயரையே அம்மலை தாங்கி நிற்கிறது. பல்லவர் கலைச்சாயல் உடைய மூன்று கற்றிருவுருவங்கள், மரமொன்றின் வேர்களால் அணைக்கப்பெற்று நெடுங்காலம் அவ்விடத்து இருந்தன. அவை பின்னர் அருங்காட்சியகங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன.

அங்கே கிடைத்ததே சிதைந்த தமிழ்க் கல்வெட்டு. 1913இல் ஹூல்ஷ் என்னும் அறிஞர் அதனைப் படித்து வெளியிட்டார். பின்னர் நீலகண்ட சாஸ்திரியாரும் ஆராய்ந்தார். நாங்கூருடையான் ஒருவன் குளம் தொட்டான். அதன் பெயர் அவனிநாரணம். அது மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும் அடைக்கலம். எஞ்சிய எழுத்துகள் கூறும் செய்தி இதுவே. அவனிநாரணன் என்பது 9ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆண்ட மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் விருதுப் பெயர். மணிக்கிராமத்தார் வணிகக் குழுவினர், சேனாமுகத்தார் படைக்காவலர்.

பிற்காலத்தே, 1025ஆம் ஆண்டையொட்டி, இராசேந்திர சோழனின் கடற்படை வென்ற ஊர்களுள் தலைத்தக்கோலம் ஒன்று. அது தக்குவாபாவே என அறிஞர் சிலர் கருதுவர், பிறர் உடன்படார். எவ்வாறாயினும், அவ்வெற்றிச் செய்தியைத் தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டிலே காண்கிறோம். குளம் தொட்ட செய்தியையோ அந்நாட்டு மண்ணே காத்து வைத்தது. வென்றவர் புகழைத் தாயகம் பேசிற்று. நீர் தந்தவர் அறத்தை அயல்நாடு பேசிற்று.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இக்கரையிலுள்ள பான்நாம்கெம் என்னும் மீனவர் ஊரை அழித்துப் பல உயிர்களைக் கொண்டது. அங்கே எழுந்துள்ள நினைவிடத்தின் முன் நிற்போர்க்கு, மனிதன் கட்டுவன யாவும் எத்துணை எளியன என்பது விளங்கும்.

அதனாலன்றோ, குளம் தொட்டவன் அதனைத் தன் உடைமையென்று கூறாது அடைக்கலம் என்று எழுதுவித்தான்! அடைக்கலப் பொருள் ஆள்வதற்குரியதன்று, காப்பதற்குரியது. இன்று நீர் பெய்து புதுப்பிக்கப்பெறும் இத்திருக்கோயிலும் நம் கையில் அத்தகைய அடைக்கலமே என்பதை உணர்வோமாக.