இலவசமும் கட்டற்றதும்: கணனி விளையாட்டுகள் பிழைத்த வரலாறு

அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுக்கு முன்னர் வெளியான வீடியோ விளையாட்டுகளுள் 87 சதவீதமானவை இப்போது விற்பனையில் இல்லை என்று, வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் என்ற அமைப்பு 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு கூறியது. பணம் கொடுக்க ஆயத்தமாக இருப்பவருக்கும் அவை கடையிற் கிடைப்பதில்லை. ஆனால் 1962இல் எழுதப்பட்ட ஒரு விளையாட்டை இன்றிரவே உங்கள் வீட்டுக் கணனியில், ஒரு சதமும் செலவின்றி, நீங்கள் ஆடிப் பார்க்கலாம். புதியது மறைய, பழையது நிலைத்தது எப்படி? இதற்கான விடை, விளையாட்டுகள் கைமாறிய வரலாற்றில் இருக்கிறது.

அந்த 1962ஆம் ஆண்டு விளையாட்டின் பெயர் ஸ்பேஸ்வார். மாசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பிடிபி-1 என்ற கணனிக்காக ஸ்டீவ் ரசலும் நண்பர்களும் அதை எழுதினார்கள். எழுதியவர்கள் விலை கேட்கவில்லை. விரும்பியவர்கள் பிரதி எடுத்தார்கள், திருத்தினார்கள், மெருகூட்டினார்கள். கணனியைத் தயாரித்த டெக் நிறுவனமே, இயந்திரம் சரியாக இயங்குகிறதா என்று பார்ப்பதற்கு இந்த விளையாட்டைப் பயன்படுத்தியது.

அடுத்த கட்டத்தில் இந்தக் கொடை அச்சுக்கு வந்தது. 1973இல் டேவிட் ஆல் தொகுத்த, பேசிக் மொழியில் எழுதப்பட்ட 101 விளையாட்டுகளின் நூலை டெக் நிறுவனம் வெளியிட்டது. 1978இல் வந்த அதன் புதிய பதிப்பே பத்து இலட்சம் பிரதிகள் விற்ற முதலாவது கணனி நூல் என்பர். வாசகர்கள் நூலைப் பார்த்து வரிவரியாகத் தட்டச்சு செய்து விளையாடினார்கள். ஓர் அரைப்புள்ளி பிசகினாலும் நிரல் ஓடாது. அச்சுப்பிழையோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டிய எம்மைப் போன்ற பத்திரிகைக்காரருக்கு அந்த வேதனை நன்கு புரியும். ஆனால் பிழையைத் தேடித் திருத்தியவர்கள், தம்மை அறியாமலே நிரல் எழுதவும் கற்றுக்கொண்டார்கள்.

1993 டிசெம்பர் 10ஆம் திகதி ஐடி சொப்ட்வெயார் நிறுவனம், டூம் விளையாட்டின் முதற் பாகத்தை விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் வழங்கியில் இலவசமாக ஏற்றியது. காத்திருந்தவர்களின் நெரிசலால், ஏற்ற வந்தவர்களே உள்ளே நுழைய முடியாமல் திண்டாடினார்கள். முதற் பாகம் இலவசம், மிகுதிக்குப் பணம் என்பது வியாபார உத்திதான். வரலாற்றை மாற்றியது அதுவல்ல. 1997 டிசெம்பரில் ஜோன் கார்மாக் அதன் மூலநிரலை வெளியிட்டார். 1999இல் அது பொது உரிமத்தின் கீழ் வந்தது. அதனாலேயே அச்சுப்பொறி, கணிப்பான் போன்றவற்றிலும் டூம் ஓடுகிறது. அதன் படங்களும் ஒலிகளும் இன்னமும் நிறுவனத்தின் உடைமையே. அவற்றுக்குப் பதிலாகப் புதியனவற்றைத் தாமே ஆக்கி, ஃப்ரீடூம் என்ற பெயரில் தன்னார்வலர்கள் வழங்குகிறார்கள்.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல்தான். தமிழில் இரண்டு உண்டு. விலை இல்லாதது இலவசம். பார்க்கவும் திருத்தவும் பகிரவும் தடையில்லாதது கட்டற்றது. இந்த வேறுபாட்டை மறந்ததால் நேர்ந்த இழப்புக்குப் பிளாஷ் விளையாட்டுகளே சாட்சி. இரண்டாயிரங்களில் இணையத்தில் நாம் கண்ட சிறு விளையாட்டுகளிற் பெரும்பாலானவை பிளாஷ் நுட்பத்தில் ஆனவை. எல்லாம் இலவசம், ஆனால் அவை ஓடுவதற்கு ஒரே நிறுவனத்தின் மென்பொருளே வேண்டியிருந்தது. 2020 டிசெம்பர் 31ஆம் திகதியுடன் அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான ஆக்கங்கள் ஒரே நாளில் ஊமையாகின. 2018இலேயே ஆபத்தை உணர்ந்து பிளாஷ்பொயின்ற் என்ற காப்புத் திட்டத்தைத் தொடங்கியவர்களும், ரஃபிள் என்ற மாற்று மென்பொருளை எழுதியவர்களும் இல்லையேல் அவற்றை இன்று காண முடியாது.

காப்பவர்களின் நிலையும் உறுதியானதன்று. தாய்லாந்தைச் சேர்ந்த சரினி அச்சவனுந்தகுல் 1998இல் தொடங்கிய ஹோம் ஒப் த அண்டர்டோக்ஸ் தளம், கைவிடப்பட்ட ஆயிரக்கணக்கான விளையாட்டுகளைத் தேடித் தொகுத்து விமர்சனமும் எழுதியது. அவற்றுட் பலவற்றின் பதிப்புரிமை காலாவதியாகவில்லை என்பதால், சட்டம் அதன் பக்கம் இருந்ததென்று சொல்ல முடியாது. 2009இல் அத்தளம் மறைந்தது. இன்ரநெற் ஆர்கைவ் 2015 ஜனவரியில் 2,000க்கும் அதிகமான பழைய டொஸ் விளையாட்டுகளை உலாவியிலேயே ஆட வழிசெய்தது. 2024 ஒக்டோபரில் இணையத் தாக்குதலால் அதுவும் சில நாட்கள் முடங்கியது. அதே மாதத்தில், நூலகங்கள் பழைய விளையாட்டுகளைத் தொலைவிலுள்ள ஆய்வாளருக்கு வழங்க அனுமதி கோரியதை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் நிராகரித்தது.

எனவே கணனியிற் பொழுதுபோக்கும் இளையோருக்கு ஒன்று சொல்வேன். இலவசம் என்ற சொல்லைக் கண்டதும் மயங்காமல், உரிமத்தை வாசியுங்கள். 2003இல் தொடங்கிய பற்றில் ஃபோர் வெஸ்னோத், 1987இல் வந்த நெற்ஹாக் போன்றவை மூலநிரலோடு கிடைக்கின்றன. பழைய டொஸ் விளையாட்டுகளுக்கு டொஸ்பொக்ஸ் இருக்கிறது. விரும்பியதைத் தரவிறக்கி, சொந்தப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். இயன்றால் நிரலைத் திறந்து ஒரு வரியையாவது திருத்திப் பாருங்கள். ஸ்பேஸ்வார் இன்றும் இருப்பதற்குக் காரணம், அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் அல்லர்; பிரதி எடுத்து அடுத்தவரிடம் கொடுத்தவர்களே.