விதிநூலும் நடுவரும்: ஒரு தீக்கோளத்தின் கதை

பத்து அடி அகலமும் பத்து அடி உயரமும் கொண்ட ஒரு நிலக்கீழ்ச் சுரங்கப்பாதை. அதன் நடுவே ஒரு மந்திரவாதி நிற்கிறான். அறுபது அடி தொலைவில் எதிரிகள் வருகின்றனர். அவன் தீக்கோள மந்திரத்தை அவர்கள் மீது ஏவுகிறான். விதிநூலின்படி, அந்தத் தீ ஏறத்தாழ 33,000 கன அடி கொள்ளளவை நிரப்ப வேண்டும். திறந்த வெளியாயின் அது 20 அடி ஆரமுடைய கோளமாக வெடித்து அடங்கிவிடும். சுரங்கப்பாதையில் அதற்கு இடமேது? கணக்குப் போட்டுப் பார்த்தால், தீ 330 அடி நீளத்துக்குப் பாயும். இரு பக்கமும் பிரிந்தால், பக்கத்துக்கு 165 அடி. எதிரிகளோடு மந்திரவாதியும் அவனது தோழர்களும் சேர்ந்தே கருகவேண்டியதுதான்.

“நான் நினைத்தது இதுவல்ல” என்று விளையாடுபவர் முறையிடுகிறார். “நூலில் இருப்பது இதுதான்” என்கிறார் நடுவர். இருவரில் யார் சொல்வது சரி?

இது ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற அமெரிக்க விளையாட்டின் 1978ஆம் ஆண்டு விதிநூலிலிருந்து எழும் சிக்கல். சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்க, ஒருவர் நடுவராக இருந்து உலகையும் எதிரிகளையும் நடத்துவார். சந்தேகமான செயல்களின் முடிவைப் பகடை தீர்மானிக்கும். பொழுதுபோக்குத்தானே என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆயினும் எழுதப்பட்ட விதி பெரிதா, அதற்குப் பொருள் சொல்பவரின் தீர்ப்புப் பெரிதா என்ற கேள்விக்கு இந்த மேசையில் இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அது தொடங்கியது பிரஷ்யாவின் இராணுவத்தில்.

1812இல் வொன் றைஸ்விற்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி தாம் உருவாக்கிய யுத்த விளையாட்டொன்றை மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்துக்கு வழங்கினார். அவரது மகன், பீரங்கிப்படை அதிகாரி, அதனைத் திருத்தி 1824இல் வெளியிட்டார். படைத் தலைமையதிபர் மியுஃப்லிங் அதனை இராணுவத்துக்குப் பரிந்துரைத்தார். இரு தரப்பினரும் தம் கட்டளைகளை நடுவரிடம் எழுதிக் கொடுப்பர். நடுவர் வரைபடத்தில் படைகளை நகர்த்தி, அவரவர் கண்ணுக்குத் தெரியக்கூடியதை மட்டுமே காட்டுவார். இழப்புகளைப் பகடையும் அட்டவணைகளும் தீர்மானித்தன. நடுவர் பெரும்பாலும் கணக்கரே.

அட்டவணைகள் பெருகப் பெருக ஆட்டம் மந்தமாயிற்று. 1876இல் வேர்டி டு வேர்னுவா என்ற அதிகாரி, அட்டவணைகளை விலக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே ஏற்கலாம் என்று வாதிட்டார். ஆட்டம் விரைவு பெற்றது. ஆனால் நடுவர் பக்கம் சாய்ந்தால் அதைத் தட்டிக்கேட்க ஒரு வரி விதிகூட இல்லை என்ற குறையும் உடன் வந்தது. இந்த ஊசலாட்டமே பின்னர் நடந்த அனைத்துக்கும் அடிப்படை எனலாம்.

அமெரிக்க இராணுவ அதிகாரி சாள்ஸ் டொட்டன் 1880இல் ‘ஸ்ட்ரட்டெகோஸ்’ என்ற யுத்த விளையாட்டு நூலை வெளியிட்டார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னர் மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் அதனைக் கண்டெடுத்தவர் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர். நூலில் இல்லாத செயலையும் ஒருவர் முயலலாம், அதன் விளைவை நடுவர் சொல்வார் என்ற கருத்து அவரைக் கவர்ந்தது. 1969இல் அவர் நடத்திய ‘பிரவுன்ஸ்டைன்’ ஆட்டத்தில் ஒவ்வொருவரும் படைப்பிரிவுக்குப் பதிலாக ஒரு தனி மனிதராக விளையாடினர். ஆட்டம் கைமீறிப் போய்விட்டதாக வெஸ்லி எண்ணினார். ஆடியவர்களோ இன்னொன்று வேண்டும் என்றனர்.

அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னெசன், அதே முறையில் ‘பிளாக்மூர்’ என்ற மாய உலகை உருவாக்கினார். போருக்கு அவர் முதலில் கையாண்டது, கரி கைகக்ஸும் ஜெப் பெரனும் 1971இல் வெளியிட்ட ‘செயின்மெயில்’ விதிகளை. அதில் ஓர் அடி விழுந்தால் சாதாரண வீரன் இறந்துவிடுவான். நூறு பொம்மை வீரர்களில் ஒன்று விழுந்தால் எவருக்கும் வருத்தமில்லை. தானே ஏற்ற பாத்திரம் ஒரே அடியில் மடிந்தால் மனம் ஏற்குமா? ஆர்னெசன் இரும்புக் கவசக் கப்பல்களின் கடற்போர் விதிகளிலிருந்து கவசத்தின் தரத்தையும், எத்தனை அடி தாங்கும் என்ற கணக்கையும் எடுத்து மனிதருக்குப் பொருத்தினார். இன்று கணினி விளையாட்டுகளிலும் காணும் உயிர்ப்புள்ளிகளின் பிறப்பு இதுவே.

மந்திரவிதி வந்த வழி வேறு. ஜக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட ‘தி டையிங் ஏர்த்’ கதைகளில் மந்திரவாதிகள் மந்திரத்தை மனத்தில் ஏற்றிக்கொள்வர். ஏவியதும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். கர்ணன் ஒரே முறை ஏவக்கூடிய சக்தி ஆயுதத்தைக் கடோற்கசன் மீது செலவிட்டு, அருச்சுனனுக்கு எதிரே வெறுங்கையோடு நின்றதை அறிந்த நமக்கு இதன் சுவை எளிதில் விளங்கும். எதை எப்போது செலவிடுவது என்பதே மந்திரவாதியின் கவலை.

1974இல் கைகக்ஸும் ஆர்னெசனும் இவற்றைத் தொகுத்து, மூன்று சிறு நூல்கள் கொண்ட பெட்டியாக ஆயிரம் பிரதிகள் வெளியிட்டனர். விலை 10 டொலர். விதிகள் சுருக்கமாகவும் பல இடங்களில் தெளிவற்றும் இருந்தன. சூத்திரம் சுருங்கினால் உரை பெருகும் அல்லவா? ஒவ்வோர் ஊரும் தனக்கென ஓர் உரை எழுதிக்கொண்டது. அரிசோனாவில் கென் சென்ட் ஆண்ட்ரே என்பவர், குழப்பமான இந்த விதிகளுக்குப் பதிலாக 1975இல் ‘டனல்ஸ் அன்ட் ட்ரோல்ஸ்’ என்ற ஆட்டத்தையே உருவாக்கினார். அதில் மந்திரம் ஏவினால் நினைவு அழிவதில்லை, உடல்வலிமை குறையும்.

போட்டிகள் பெருகியபோது ஊருக்கொரு விதி என்பது தொல்லையாயிற்று. 1977 முதல் 1979 வரை வெளிவந்த மூன்று பெரிய நூல்களில் கைகக்ஸ் ஒருமைப்பாட்டை நாடினார். எழுதும் தோறும் புதிய ஐயங்கள் கிளம்பின. ஒரு போர்ச்சுற்று ஒரு நிமிடம் என்றால், ஒரு முறை பகடை உருட்டுவது ஒரே வாள்வீச்சைக் குறிக்க முடியாது. உயிர்ப்புள்ளிகள் உடற்காயத்தை மட்டுமன்றி திறமையையும் அதிர்ஷ்டத்தையும் குறிக்கும் என்று அவர் விளக்கினார். அப்படியானால் காயம் ஆற்றும் மந்திரம் எதை ஆற்றுகிறது? எட்டுப் புள்ளிகள் வரை மீட்கும் அதே மந்திரம், நான்கு புள்ளி உடைய புதியவனை மரணப் படுக்கையிலிருந்து எழுப்பிவிடும். எண்பது புள்ளி உடைய மூத்த வீரனுக்கோ ஒரு கீறலைத் துடைத்தது போலத்தான். 1979இல் ‘டிராகன்’ சஞ்சிகை வாசகரின் இத்தகைய ஐயங்களுக்கென்றே ஒரு கேள்வி-பதில் பகுதியைத் தொடங்கியது.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு பெரும்பாலான ஓட்டைகளை விதிகளாலேயே அடைக்க முயன்றது. போர்ச்சுற்று ஆறு வினாடியாயிற்று. தீக்கோளம் எந்தச் சுரங்கத்தில் வெடித்தாலும் 20 அடி ஆரத்தைத் தாண்டாது என்றாயிற்று. தகராறு தீர்ந்தது, ஆனால் தீயை ஏவுமுன் சுவர்களைப் பார்த்துக் கணக்கிட்ட மந்திரவாதியின் முன்யோசனைக்கும் வேலையில்லாமற் போயிற்று. 2008இல் மத் ஃபிஞ்ச் என்பவர், விதிகளைவிட நடுவரின் தீர்ப்பே முதன்மையானது என்று வாதிடும் சிறு நூலொன்றை வெளியிட்டார். 2014இன் ஐந்தாம் பதிப்பும் நடுவரின் கையில் அதிகாரத்தைப் பெருமளவு மீண்டும் ஒப்படைத்தது.

இந்த ஊசல் ஓயப்போவதில்லை. எந்த நூலாலும் எதிர்காலத்தின் எல்லா நிலைமைகளையும் முன்கூட்டி எழுதிவிட முடியாது. எந்த நடுவரையும் எல்லையின்றி நம்பிவிடவும் முடியாது. நம் மந்திரவாதியின் வழக்கிலே, 330 அடியா 20 அடியா என்பதைவிட முக்கியமானது வேறொன்று. ஒரு மந்திரவாதிக்குத் தன் மந்திரத்தின் இயல்பு தெரிந்திருக்கும். ஆகவே, தீ எவ்வாறு பரவும் என்பதை நடுவர் மந்திரம் ஏவப்படுமுன் சொல்லவேண்டும். பின்னர் எதிரியின் மந்திரவாதி ஏவும் போதும் அதே அளவுகோலைப் பிடிக்கவேண்டும். அவ்வாறு செய்தால், தோற்றவர்கூட அடுத்த வாரம் அதே மேசைக்கு மனக்குறையின்றித் திரும்பி வருவார்.