சொன்ன சொல்லும் எழுதிய சொல்லும்



கோவலன் கொலையுண்ட கதையைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஊழ்வினை உருத்து வந்தது என்று சொல்லி அந்தப் பாடத்தை முடித்தும் விடுகிறோம். இன்று ஒருமுறை அதே கதையை ஒரு பொலிஸ் விசாரணையாக எண்ணிப் பாருங்கள். அரசியின் சிலம்பு களவு போயிற்று. கள்வன் அகப்பட்டான் என்று முறைப்பாடு செய்தவன் பொற்கொல்லன். உண்மையில் களவெடுத்தவனும் அவனே. அரசனோ ஊடல் கொண்ட தேவியிடம் விரைந்து செல்லும் வழியில், நின்று ஆராயாமல் ஆணையிட்டுவிடுகிறான். காவலர் கோவலனைக் காண்கின்றனர். அவர்களுள் ஒருவன், இவனைப் பார்த்தால் கொலைத்தண்டனைக்கு உரியவனாகத் தோன்றவில்லையே என்று ஐயுறுகிறான். கள்வர் கைக்கொள்ளும் தந்திரங்களை அடுக்கிச் சொல்லி அந்த ஐயத்தைப் பொற்கொல்லன் அடக்குகிறான். கல்லாத, கள்வெறி கொண்ட ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இத்தனையிலும் கோவலனை எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கப் பரல் காட்டியது உயிர் போன பின்புதான். அப்படியானால், ஐயுற்ற அந்த ஒரு காவலனின் பக்கத்தில் நின்று, "முதலில் இவன் சொல்வதைக் கேளுங்கள்" என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால்? அப்படிச் சொல்வதையே தம் வேலையாகக் கொண்ட சிலரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவர்களில் பலர் சட்டத்தரணிகள். ஆனால் எல்லோரும் அல்லர்.

சிறையைச் சீர்திருத்துவது மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த எண்ணம் என்று கருதுவோர் உண்டு. மணிமேகலையில் ஒரு காதைக்குப் பெயரே சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை என்பதாகும். மணிமேகலை காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்குள் தானே புகுந்து, அங்கிருந்தோரின் பசியைத் தன் கண்ணால் கண்டு, அமுதசுரபியால் உணவூட்டுகிறாள். வேண்டுவது யாது என்று அரசன் கேட்டபோது, சிறையை அறச்சாலை ஆக்கித் தருமாறு கேட்கிறாள். பின்னர் அவளே சிறை வைக்கப்படுகிறாள் என்பதையும் சாத்தனார் மறைக்கவில்லை. இந்த வேலையில் இறங்குவோருக்கு என்ன நேரும் என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

இங்கிலாந்தில் ஜோன் ஹவார்ட் செய்ததும் அதுவே. 1773இல் பெட்ஃபோர்ட்சயரின் ஷெரிப் ஆக நியமிக்கப்பட்ட அவர், குற்றவாளி அல்லர் என்று தீர்க்கப்பட்டவர்களும் சிறைக்காவலனுக்குரிய கட்டணத்தைக் கட்ட வழியின்றி உள்ளேயே கிடப்பதைக் கண்டார். குதிரையேறி ஊர் ஊராகச் சென்று, சிறை சிறையாகப் பார்த்து, கண்டதை எழுதி 1777இல் நூலாக வெளியிட்டார். அவர் பெயரால் 1866இல் ஒரு சங்கம் அமைந்தது. நேரே போய்ப் பார்த்தல், பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுதல், எழுதியதை அதிகாரத்தில் உள்ளவரின் மேசையில் வைத்தல் என்ற இம்மூன்றும்தான் அன்றிலிருந்து இவ்வேலையின் முறை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1895ஆம் ஆண்டின் சாட்சிக் கட்டளைச் சட்டம் ஒரு நல்ல விதியை வைத்திருந்தது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் ஒருவர் செய்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிரான சான்றாக நீதிமன்றத்தில் வைக்கலாகாது என்பதே அது. அடைபட்ட இடத்தில், அடிக்கு அஞ்சி, மனிதன் எதையும் ஒப்புக்கொள்வான் என்பதை உணர்ந்தவர்கள் செய்த விதி.

இந்த விதி முதலில் வளைக்கப்பட்டது தமிழருக்கு எதிராக அன்று. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் பிடிபட்ட தென்னிலங்கை இளைஞர்களை விசாரிக்க 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் வந்தது. வழமையான நீதிமன்றம் ஏற்காத ஒப்புதல் வாக்குமூலங்களை அந்த ஆணைக்குழு ஏற்கலாம் என்றாயிற்று. அதை எதிர்த்துப் பேசியவர்களுள் முன்னின்றது 1971இல் தோன்றிய குடியியல் உரிமைகள் இயக்கம். அதன் செயலாளராக நீண்டகாலம் பணியாற்றிய சூரியா விக்கிரமசிங்க ஒரு சட்டத்தரணி. குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க அதன் தலைமையில் இருந்தார். 1977இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. இரண்டே ஆண்டு கழிந்து, 1979 ஜூலையில், பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் சான்றாகும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்றால், அதை நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீதே என்று அது சொல்லிற்று. மூன்றாண்டுக்கென்று வந்த தற்காலிகச் சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. தெற்கில் பழகிய கை வடக்கே வந்தது. தெற்கில் அதை எதிர்த்த அதே மனிதர் வடக்குக்காகவும் எழுதினர் என்பதை நாம் மறக்கலாகாது. கண்டியில் சத்யோதயத்தை நடத்திய பாதிரியார் போல் கஸ்பர்ஸ் தலைமையிலான இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம், 1979இன் அவசரகால நிலையில் யாழ்ப்பாணத்தில் நடந்தவற்றை ஆராய்ந்து அறிக்கையாக்கியது.

குடியியல் உரிமைகளுக்காகக் கொழும்பில் வாதாடியவர்களுள் நம்மவர் ஒருவரையும் சொல்லவேண்டும். எஸ். நடேசன் கியூ.சி. 1904இல் பிறந்து 1986இல் மறைந்தவர். செனற் சபையில் இருந்தவர். பாராளுமன்றச் சிறப்புரிமை பற்றிப் பத்திரிகையில் கட்டுரை எழுதியதற்காக அவர்மீதே வழக்கு வந்தது. 1980இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கிழக்கில், கல்முனைப் பிரசைகள் குழுத் தலைவர் போல் நல்லநாயகம், இளைஞர்கள் கொல்லப்பட்டதாகச் செய்தியாளரிடம் சொன்னதற்காக 1985இல் கைதானார்; 1986இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கண்டதைச் சொல்வதே குற்றமாக இருந்த காலம் அது.

படித்தவர் மட்டுமா இதைச் செய்தனர்? 1984இல் வடக்கில் இளைஞர்கள் திரள் திரளாகப் பிடிபட்டபோது, தாய்மார் ஒன்றுகூடி யாழ்ப்பாணக் கச்சேரிக்கு ஊர்வலமாகச் சென்று அரசாங்க அதிபரிடம் பிள்ளைகளைக் கேட்டனர். அன்னையர் முன்னணி அப்படித் தோன்றியது. எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த வாகனம் என்பதை மனத்தில் வைத்திருந்தவர்கள் அவர்களே. சட்டத்தரணிகளின் கோப்புகளில் உள்ள முதல் வரி பெரும்பாலும் ஒரு தாயின் நினைவிலிருந்து வந்தது.

1988இல் நம் பல்கலைக்கழகத்தில் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற அமைப்பின் யாழ்ப்பாணக் கிளை உருவாயிற்று. சீருடை எவருடையது என்று பாராமல், எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் எழுதுவது என்பது அவர்கள் கொண்ட விரதம். உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் சேர்ந்து எழுதிய முறிந்த பனை அவர் மறைவுக்குப் பின் நூலாக வந்தது. உடன் உழைத்த ராஜன் ஹூலும் கோ. சிறிதரனும் ஊரைவிட்டு மறைந்து வாழ்ந்தபடியே அறிக்கைகளைத் தொடர்ந்தனர். 2007இல் மார்ட்டின் என்னல்ஸ் விருது அவர்களுக்குக் கிடைத்தது.

நான் தமிழாசிரியன். ஆதலால் இந்த வரலாற்றில் என்னை உறங்கவிடாத ஒரு வழக்கு, மொழி பற்றியது. மட்டக்களப்பைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசா என்ற தொழிலாளி 1993இல் கைதானார். நாலாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் மட்டுமே தெரியும். அவருடைய ஒப்புதல் என்று சொல்லப்பட்ட தாள் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கொன்ஸ்ரபிள். கீழே இருந்தது இவரது பெருவிரல் அடையாளம். உடலில் தழும்புகளும் கண்ணில் காயமும் இருந்ததை மருத்துவ அறிக்கை சொல்லிற்று. அந்த ஒரு தாளைக் கொண்டே 1995இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று.

மனித உரிமைகள் இல்லம் என்ற அமைப்பின் சட்டத்தரணி வி. எஸ். கணேசலிங்கம், வெளிநாட்டுச் சட்ட அமைப்பொன்றின் துணையோடு, இவ்வழக்கை ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவுக்குக் கொண்டுசென்றார். வற்புறுத்தப்பட்டதை நிரூபிக்கும் பாரத்தைக் கைதியின் தலையில் சுமத்தியது உரிமை மீறல் என்று 2004 ஜூலையில் அக்குழு கருத்துரைத்தது. ஆனால் 2006இல் நம் உயர் நீதிமன்றம் வழக்கை மீளப் பார்க்க மறுத்துவிட்டது. தோல்விதானே என்று கேட்கலாம். ஒரு தொழிலாளியின் தமிழ்ச் சொல் என்னவாயிற்று என்ற கேள்வியை உலகத்தின் முன் வைத்த பதிவு அது. இனி அதை யாரும் அழித்துவிட முடியாது.

இவ்விடத்தில் என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். 2007ஆம் ஆண்டு, நான் ஆசிரியப் பணிக்குப் புதிதாக வந்திருந்த காலம். எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மாவின் மகனை ஓர் அதிகாலையில் கொண்டுபோய்விட்டார்கள். மனு எழுதித் தரும்படி என்னிடம் வந்தார். திண்ணையில் இருந்து அவர் சொன்னது இவ்வளவுதான்:

"விடியப்புறம் நாலு மணி இருக்கும் தம்பி. நாய் குலைச்சது. பிள்ளை சாரத்தோடை போனவன். சேட்டுப் போடவும் விடேல்லை."

நானோ படித்த தமிழையெல்லாம் கொட்டி எழுதினேன். பாசமிகு புதல்வன், கண்ணீர்க் கடல், கருணை உள்ளம் என்று இரண்டு பக்கம். காசு வாங்காமல் இப்படிப்பட்ட மனுக்களைப் பார்த்துவந்த ஒரு சட்டத்தரணியிடம் கொண்டுபோனோம். வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாஸ்ரர், இதில அம்மாவின்ர சொல் எங்கை?"

பிறகு என்னை விட்டுவிட்டு அவரைக் கேட்டார். எத்தனை மணி என்று எப்படித் தெரியும்? வந்தவர்கள் என்ன மொழி பேசினார்கள்? சாரம் என்ன நிறம்? நீலக் கோடு போட்டது என்றார் அம்மா. புதிய மனு அரைப் பக்கத்தில் முடிந்தது. நாயும் சாரமும் சேட்டும் அதில் இருந்தன. என் சொல் ஒன்றும் இல்லை.

அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. சிங்கராசாவின் வாயில் சொல்லைத் திணித்தவன் பகைமையால் செய்தான். நான் அன்பினால் செய்தேன். ஆனால் அம்மா சொன்னதைத் தாளில் ஏறவிடாமல் தடுத்தது என் கைதான். ஒரு மனிதர் சொன்னதை, அவர் சொன்னபடி, அவர் அறிந்த மொழியில் எழுதிக்கொள்வதே இந்தச் சீர்திருத்தம் முழுவதற்கும் அடி என்பது அந்த முற்பகலில்தான் எனக்கு விளங்கிற்று.

2022இல் பயங்கரவாதத் தடைச்சட்டத்தைத் திருத்தியபோது, தடுத்துவைக்கும் உச்சக் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமாயிற்று. ஒப்புதல் பற்றிய பிரிவில் கை வைக்கவில்லை. செம்மணியில் 1999இலும் பின்னர் 2025இலும் மண்ணைத் தோண்டி எலும்புகளை எடுத்தார்கள். அந்த எலும்புகளுக்குப் பெயர் சொல்ல வேண்டுமானால், யார் எந்த நாளில் எந்த உடையோடு போனார் என்று எவரோ எங்கோ எழுதி வைத்திருக்க வேண்டும் அல்லவா? பேர் தெரியாத எழுதுவினைஞர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் தாய்மாரும் செய்துவைத்த வேலையின் பயன் அதுதான்.

அந்த அரைப் பக்க மனுவின் பிரதி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மகன் வரவில்லை. அம்மா ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறை வந்து அதை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். நீலக் கோடு என்ற இடம் வந்ததும், "ஓம் தம்பி, அதுதான்" என்பார்.