துருசும் வானும்

நீரைத் திறந்து மூடும் வாயிலுக்குத் தமிழில் பெயர்கள் பல. தமிழகத்துக் கல்வெட்டுகள் தூம்பு என்றும் குமிழி என்றும் கூறும். அங்குள்ள விவசாயி இன்றும் வயலுக்கு நீர்விடும் வாயிலை மதகு என்பார். ஏரியின் மிகைநீர் வெளியேறும் இடத்தைக் கலிங்கு என்பார்.

வன்னியில் இவை முறையே துருசு, வான். மாரியில் "குளம் வான் பாயுது" என்றால் போகம் உறுதி என்ற மகிழ்ச்சியும், வெள்ளம் வருமோ என்ற அச்சமும் ஒருங்கே எழும். யாழ்ப்பாணத்திலோ மதகு என்பது வீதிக்குக் கீழே மழைவெள்ளம் ஓடவிடும் சிறு பாலம். மாலையில் இளைஞர் குந்தியிருந்து கதைக்கும் இடம். வற்றாத ஆறில்லாத, கிணற்றை நம்பிய குடாநாட்டில் அச்சொல்லுக்கு வேறு வேலை கிடைத்தது என்றே நான் கருதுகிறேன்.

சொல் தான் செய்யும் வேலையைப் பின்தொடர்வதை இங்கு மொன்றியலிலும் காணலாம். 1825இல் திறக்கப்பட்ட லஷீன் கால்வாயில் படகுகளை ஏற்றியிறக்கும் அடைப்புகளுக்குப் பிரெஞ்சில் எக்லூஸ் என்று பெயர். ஆங்கிலத்தின் ஸ்லூஸும் அதே இலத்தீன் வேரிலிருந்து பிறந்ததே. ஆயினும் அது நீரைத் திறந்துவிடும் மதகு. ஒரு வேர், இரு வேலைகள்.

கோட்-டெ-நெய்ஜில் வளரும் எமது பிள்ளைகளுக்கான சொற்பட்டியல்களில் துருசை நீக்கி மதகை இடுவோர் உளர். வான் சிங்களத்திலும் வழங்குவதால் அதனையும் தவிர்க்க வேண்டும் என்பர் சிலர். இது எனக்கு உடன்பாடன்று. இரு மொழி விவசாயிகளும் ஒரே வகைக் குளங்களைக் காத்தவர்கள். சொல் பொதுவாக இருப்பதால் எவருடைய உரிமையும் குறைந்துவிடாது.

2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. இரணைமடுவின் வான்கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்று சர்ச்சை எழுந்து, விசாரணையும் நடந்தது. அச்செய்தியை இங்கு வாசிக்கும் பிள்ளை, வான் என்றால் ஆகாயம் மட்டுமே என அறிந்திருந்தால், வானத்தின் கதவுகள் திறந்தன என்றே விளங்கிக்கொள்ளும். மனிதர் திறக்கவேண்டிய கதவு இயற்கையின் செயலாகிவிடும்; யார் பொறுப்பு என்ற கேள்வியும் அத்தோடு மறைந்துவிடும்.

ஆகவே பட்டியலில் மதகும் இருக்கட்டும். துருசும் வானும் அவற்றின் ஊரோடும் வேலையோடும் இருக்கட்டும்.